ப்ரீஆம்ப் ஒலியளவுக் கட்டுப்பாடு: எதற்கு மாறுவது?

கேள்வி:
வணக்கம். நானே கட்டிய ப்ரீஆம்ப்பின் (முன்பெருக்கி) உள்ளீட்டில் ஒலியளவுக்காக 50 கிலோ ஓம் லாக் பொட்டென்ஷியோமீட்டர் (குமிழால் திருப்பும் மாறு மின்தடை) இருக்கிறது. இரவில் குமிழைக் கடிகார முள்ளின் எட்டு மணி நிலைக்குக் குறைத்தால் பாடகரின் குரல் இடப்பக்கம் நகர்ந்துவிடுகிறது. திருப்பும்போது கரகரப்பும் கேட்கிறது. ஆல்ப்ஸ் நிறுவனத்தின் ஆர்கே27 பொட்டென்ஷியோமீட்டர் போதுமா, அல்லது படிநிலை அட்டெனுவேட்டருக்கே (சுவிட்சும் ரெசிஸ்டர்களும் கொண்டு ஒலியைப் படிப்படியாகக் குறைப்பது) போய்விடலாமா?

மறுமொழி 1:
பொட்டென்ஷியோமீட்டரின் ஒரே தண்டில் உள்ள, இட வல ஒலிகளுக்கான இரண்டு மின்தடைத் தடங்களும் குறைந்த அளவில் ஒத்துப்போகாததால்தான் குரல் நகர்கிறது. ஆர்கே27 இதைக் குறைக்கும், முற்றிலும் நீக்காது. படிநிலை அட்டெனுவேட்டராக, 24 படி சுவிட்சில் ஒரு சதவீத மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டர்களைப் பற்றவைத்தால் இரு பக்கமும் ஏறக்குறைய சமமாகிவிடும். ஆனால் படிக்கு 2 டெசிபல் என்பது இரவில் பெரிய தாவலாகவே தோன்றும். அடுத்த முனையைத் தொட்ட பிறகே முந்தையதை விடும் சுவிட்சாகப் பார்த்து வாங்குங்கள், இல்லையெனில் ஒவ்வொரு படியிலும் ‘டப்’ என்று கேட்கும்.

மறுமொழி 2:
செலவுக்கு முன் இரண்டைச் சோதியுங்கள். எட்டு மணியிலேயே ஒலி போதுமானதாக இருந்தால் பெருக்கம் மிகை என்று பொருள். அதை 10 டெசிபல் குறைத்தால் குமிழ், தடங்கள் நன்கு ஒத்துப்போகும் பகுதிக்கு வந்துவிடும். கரகரப்புக்கு, வைப்பர் (தடத்தின் மேல் நகரும் தொடுமுனை) முனையில் டிசி மின்னழுத்தம் உள்ளதா என்று மல்டிமீட்டரில் பாருங்கள். டிசியைத் தடுக்க வேண்டிய கப்பாசிட்டர் கசிந்தால் புதிய பொட்டென்ஷியோமீட்டரும் கரகரக்கும்.

கேட்டவர்:
அளந்தேன், வைப்பரில் 40 மில்லிவோல்ட் இருக்கிறது. முதலில் கப்பாசிட்டரை மாற்றுகிறேன்.