மறுமொழி: ‘இன்சொல்வென்சி’க்கு நொடிப்பு

குழுவினருக்கு வணக்கம்.

கட்டட ஒப்பந்தச் சொல்லடைவுக்கு ‘இன்சொல்வென்சி’யை, அதாவது கொடுக்கவேண்டிய கடனைக் கொடுக்க முடியாத நிலையை, எப்படி எழுதுவது என்ற இந்த இழையில் மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. இலங்கை நண்பர்கள் பலர் வங்குரோத்து என்கிறார்கள். சென்னை ஐயா திவால் என்கிறார். கனடாவிலிருந்து அக்கா ‘கடனிறுக்க வகையற்ற நிலை’ என்ற இலங்கை அரச வழக்கை எடுத்துத் தந்திருக்கிறார். யாழ்ப்பாணத்தில் கட்டட வேலைகளுக்கு அளவெடுத்துப் பில் போடுவது என் தொழில். அந்த அனுபவத்தில் நான் முன்வைப்பது நொடிப்பு.

ஒரு கொந்தராத்துக்காரர் (ஒப்பந்தகாரர்) விழும்போது மூன்று விஷயங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நடக்கலாம். கொடுக்கவேண்டிய நாளில் அவரால் கடனைக் கொடுக்க முடியாமல் போகிறது. இது ஒரு நிலை. பிறகு நீதிமன்றம் அவரைக் கடனிறுக்க முடியாதவர் என்று அறிவிக்கலாம். இது சட்டம் அவர்மேல் வைக்கும் முத்திரை. கம்பனியாக இருந்தால் அதைக் கலைத்து, சொத்தை விற்றுக் கடன்காரருக்கு (கடன் கொடுத்தவர்களுக்கு) பிரிக்கலாம். இலங்கையில் தனியாளுக்கு 1853ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் ஒரு வழி, கம்பனிக்கு 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டம் வேறு வழி. இங்கே சிறிய வேலை எடுப்பவர்களில் பலர் கம்பனி பதியாமல் சொந்தப் பெயரிலேயே தொழில் செய்கிறார்கள். அவர்களுக்குத் தொழில் கடன், வீட்டுக் கடன் என்ற பிரிவே கிடையாது. காணியும் வீடும் சேர்ந்தே போகும்.

மூன்றுக்கும் வங்குரோத்து என்று எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு பிடிக் என்ற சர்வதேசப் பொறியியல் ஆலோசகர் கூட்டமைப்பின் மாதிரிக் கட்டட ஒப்பந்தமான 1999 சிவப்புப் புத்தகத்தின் 15.2ஆம் வாசகத்தைப் பாருங்கள். வேலை கொடுத்தவர் ஒப்பந்தத்தை முடிப்பதற்கு 14 நாள் அறிவித்தல் கொடுக்கவேண்டும். ஆனால் இரண்டு காரணங்களுக்கு உடனேயே முடிக்கலாம். ஒன்று லஞ்சம், மற்றது நாம் பேசுகிற இந்த விஷயம். அந்த இரண்டாவது காரணத்தை விவரிக்கும் இடத்தில் ‘பேங்க்ரப்ட்’ (வங்குரோத்தானவர்), ‘இன்சொல்வென்ற்’ (கடனைக் கொடுக்க முடியாதவர்) இரண்டும் பக்கம் பக்கமாக நிற்கின்றன. அடுத்து கம்பனி கலைப்பு வருகிறது. கடன்காரரோடு சமரசம் செய்வதும் தனியாக வருகிறது. தமிழில் வங்குரோத்து என்று மட்டும் எழுதினால், “என்னை எந்த நீதிமன்றமும் அப்படி அறிவிக்கவில்லையே, எப்படி உடனே நிறுத்தினீர்கள்?” என்று ஒப்பந்தகாரர் கேட்பார். தமிழ்ப் பிரதியைப் படித்துக் கையெழுத்து வைத்தவர் அப்படிக் கேட்பது நியாயம். ஒப்பந்தத்தைப் பிழையாக முடித்ததாகத் தீர்ப்பானால் நட்டத்தை வேலை கொடுத்தவரே கட்டவேண்டி வரும். ஒரு சொல் குறைந்ததால் ஒரு பாடசாலைக் கட்டடம் வழக்கில் நிற்கலாம்.

ஐயாவின் திவாலுக்கும் இதே இடர்தான். இந்தியாவின் 2016ஆம் ஆண்டுச் சட்டம் ‘இன்சொல்வென்சி அண்ட் பேங்க்ரப்சி கோட்’ என்ற தலைப்பிலேயே இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறது. திவாலை ஒன்றுக்குக் கொடுத்துவிட்டால் மற்றதற்கு என்ன வைப்பது? தமிழ்நாட்டில் அந்த முதற் சொல்லுக்கு நொடிப்பு என்று எழுதுபவர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். இரு கரைக்கும் ஒரே சொல் அமைவது எங்களுக்குப் பெரிய வசதி.

அக்கா சொன்ன ‘கடனிறுக்க வகையற்ற நிலை’ பிழையே இல்லை. பொருள் துல்லியம். ஆனால் அதிலிருந்து அடுத்த சொல் பிறக்காது, எங்களுக்கோ பிறக்கவேண்டும். கம்பனிகள் சட்டத்தின் 57ஆம் பிரிவில் உள்ள கடன்தீர் திறன் பரிசோதனையில் இரண்டு கேள்விகள் உண்டு. தொழில் வழமைப்படி தவணை வரும்போது கடனைக் கொடுக்க முடியுமா? சொத்தின் பெறுமதி, கடப்பாடுகளையும் கூறப்பட்ட மூலதனத்தையும் (பங்குகளுக்காகக் கம்பனிக்கு வந்த முதல்) விடக் கூடுதலா? இவற்றில் எது தவறியது என்று ஒரே மூச்சில் சொல்ல முதலாவதுக்குக் ‘காசுப்பாய்ச்சல் நொடிப்பு’, இரண்டாவதுக்கு ‘ஐந்தொகை நொடிப்பு’ என்று எழுதலாம் (ஐந்தொகை என்பது சொத்தையும் கடனையும் ஒப்பிட்டுக் காட்டும் கணக்கு). நொடித்த ஒப்பந்தகாரர், நொடிப்பு வாசகம், நொடிப்பு அறிவித்தல் எல்லாம் தானாக வரும்.

கட்டடத் தொழிலில் ஆளை விழுத்துவது பெரும்பாலும் முதலாவதான காசுப்பாய்ச்சல் நொடிப்புத்தான். செய்த வேலைக்குப் பில் அத்தாட்சிப்படுத்தியாகிவிட்டது, ஐந்தொகையில் அது சொத்தாகவே நிற்கிறது, ஆனால் கையில் காசு இல்லை. 2022இல் 50 கிலோ சீமெந்துப் பை 2,000 ரூபாயைத் தாண்டியபோது, அரச வேலைகளின் பில்கள் மாதக்கணக்கில் கிடந்தபோது, கணக்கில் இலாபம் காட்டிய ஒப்பந்தகாரர்களும் மேசனுக்குக் கூலி கொடுக்க முடியாமல் நின்றார்கள். அவர்களை வங்குரோத்துக்காரர் என்பது அநியாயம், அவர்களுக்குக் காசு வரவேண்டியிருந்தது. இரண்டு விதமாகவும் ஒன்றாக விழுந்ததற்குப் பெரிய உதாரணம் பிரித்தானியாவின் கட்டடக் கம்பனியான கரிலியன். 2018 ஜனவரி 15 அன்று அது விழுந்தபோது கையில் 29 மில்லியன் பவுண் காசு, கடப்பாடு ஏறத்தாழ 7 பில்லியன். அது கட்டிக்கொண்டிருந்த லிவர்பூல் மருத்துவமனை 2022 ஒக்டோபரில்தான் திறந்தது.

இனி, விழுந்தபின் கட்டட வேலை வளவுக்குள் நடப்பதைக் கொஞ்சம் சொல்லவேண்டும். சொல்லடைவின் மற்றப் பதிவுகளும் இதில்தான் தொங்குகின்றன. முதலில் எல்லோர் கண்ணும் போவது குவிந்து கிடக்கும் பொருட்கள்மேல். கம்பி, ஓடு, கதவுநிலை. கடைக்காரர் கடனுக்குக் கொடுத்தவர், திருப்பி ஏற்ற லொறியோடு வருவார். பிடிக் 7.7 சொல்வது, நாட்டுச் சட்டம் இடம் கொடுக்கும் அளவுக்கு, பொருள் வளவுக்கு வந்ததும் அது வேலை கொடுத்தவரின் உடைமை என்று. ஆனால் கடைக்காரர் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்கவில்லை. ‘பணம் முழுதும் கட்டும்வரை உடைமை என்னுடையது’ என்று விற்பனைச் சீட்டில் அவர் எழுதியிருந்தால், 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச்சட்டம் அவருக்கு அந்த உரிமையைத் தருகிறது. தன்னிடம் இல்லாத உடைமையை ஒப்பந்தகாரர் எப்படி மற்றவருக்குக் கொடுப்பது என்பதே அவருடைய வாதமாக இருக்கும். எழுதாவிட்டால் அவரும் வரிசையில் கடைசியாக நிற்கும் சாதாரணக் கடன்காரர். நான் பார்த்த கடைச் சீட்டுகள் பலவற்றில் அந்த ஒரு வரி இல்லை. இதற்கு ‘உடைமை நிறுத்தல்’ என்று நேற்று எழுதிய தம்பியின் சொல் எனக்குப் பிடித்திருக்கிறது.

அடுத்தது பிடித்துவைத்த காசு, அதாவது வேலையில் குறை வந்தால் திருத்துவதற்கென்று பில்லிலிருந்து கழித்து வைப்பது. வழமையாக ஒவ்வொரு பில்லிலும் 10 வீதம் பிடித்து, ஒப்பந்தத் தொகையின் 5 வீதம் சேர்ந்ததும் நிறுத்துவார்கள். பிரதான ஒப்பந்தகாரர் தன் பங்குக்கு வயரிங் செய்தவரிடமும் ரைல் பதித்தவரிடமும் அதே மாதிரிப் பிடிக்கிறார். அந்தக் காசு தனிக் கணக்கில் இருப்பது அரிது, ஓடும் செலவில் கலந்துவிடுகிறது. அவர் நொடித்ததும் உப ஒப்பந்தகாரரின் வியர்வைக் காசு பிணையில்லாக் கடனாகிவிடும். சம்பள நிலுவைக்கும் ஊழியர் சேமலாப நிதிக்கும் சட்டத்தில் முன்னுரிமை உண்டு. வயரிங் செய்தவர் ஊழியர் அல்லவே. இந்த மனிதர்களை நினைத்துத்தான் இந்தச் சொல்லில் இவ்வளவு நிற்கிறேன். கையெழுத்து வைக்கும் காகிதத்தில் என்ன ஆபத்து எழுதியிருக்கிறது என்பது அவர்களுக்குத் தமிழில் விளங்கவேண்டும்.

ஒப்பந்தகாரர் வேலையைச் செய்யத் தவறினால் ஈடுகட்ட வங்கி கொடுக்கும் செயலாற்றுகைப் பிணை பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. வேலை கொடுத்தவர் கேட்டதும் வங்கி கட்டும், கட்டியதை ஒப்பந்தகாரரிடமும் அவருக்குச் சொந்தப் பொறுப்பு நின்றவர்களிடமும் அறவிடும்.

நொடிப்புக்கு வந்த மறுப்புகளுக்கு வருகிறேன். ‘நொடி என்றால் விடுகதை, அல்லது கணப்பொழுது, குழப்பம் வரும்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். ஒப்பந்த வாசகத்துக்குள் யாரும் விடுகதை தேடமாட்டார்கள். ‘ஆள் நொடிஞ்சு போனார்’ என்று எங்கள் ஊர்ச் சந்தையில் சொன்னால் எல்லோருக்கும் விளங்கும். ‘கடன்தீர் திறனுக்கு எதிர்ச்சொல் கடன்தீர் திறனின்மைதானே’ என்பது மற்றது. செல்வத்துக்கு எதிர்ச்சொல் வறுமை, செல்வமின்மை அல்ல. வங்குரோத்தையும் நான் தூக்கி எறியச் சொல்லவில்லை. ஒல்லாந்தர் காலத்துச் சொல், எங்கள் பேச்சில் வேர்விட்டது. நீதிமன்றம் தனியாளை அறிவிக்கும் அந்த முத்திரைக்கு அது அப்படியே இருக்கட்டும். கம்பனிக்குக் கலைப்பு, அதைச் செய்பவர் கலைப்பாளர்.

சரி, ஒன்று மிச்சம். ‘ரிசீவர்’ என்பதற்கு இப்போது புழங்கும் ‘பெறுநர்’ கடிதம் பெறுபவரையும் குறிக்கிறது. ஒரே அறிவித்தலில் இரண்டும் வந்தால் யார் யாரென்று தெரியாது. கடன்காரருக்காகச் சொத்தைப் பொறுப்பேற்று நடத்துபவர் என்பதால் ‘சொத்தேற்பாளர்’ என்று முன்வைக்கிறேன். சட்டத்தரணிகள் யாராவது இதைப் பார்த்து எழுதுங்கள். நொடிப்புக்கு மறுப்பு இருந்தால் இந்த வாரத்துக்குள் சொல்லிவிடுங்கள், சொல்லடைவில் ஏற்றவேண்டும்.