உதவி தேவை: 1915-இன் பிரெஞ்சு அஞ்சலட்டை, ஜூலையில் எழுதிச் செப்டம்பரில் முத்திரையா?

தாள்பித்தன் எழுதியது:

வணக்கம். பாரிஸில் ஒரு பழம்பொருள் சந்தையில் வாங்கிய இரண்டு அஞ்சலட்டைகள் என்னைத் தூங்கவிடவில்லை.

முதலாவதன் படப்பக்கத்தில் ஷாலோன்-சுர்-மார்ன் நகரத் தேவாலயம். ஓரத்தில் "எல்.எல்." என்ற எழுத்துகள், ஒரு எண். மறுபக்கத்தில் முதல் உலகப் போரில் இருந்த ஒரு படைவீரர் கொரேஸ் பகுதிக் கிராமத்தில் இருக்கும் ஒரு பெண்ணுக்கு எழுதியிருக்கிறார். "சீக்கிரம் இடம் மாறுகிறோம், எங்கே என்று சொல்லக் கூடாது, சில நாள் கடிதம் வராவிட்டால் கவலைப்படாதே, ஆயிரம் முத்தங்கள்" என்ற அளவுக்குப் படிக்க முடிந்தது. காதலியாக இருக்க வேண்டும். கீழே முதற்பெயர் மட்டும். மேலே அவருடைய படைப்பிரிவான ரெஜிமென்டின் எண், அதன் உட்பிரிவான கம்பெனியின் எண்.

தேதி "12" என்று தொடங்குகிறது, அடுத்து 7, அதன் தோளில் ஏதோ கிறுக்கல், பிறகு 1915. ஆனால் அஞ்சல் முத்திரை 13-9-15. இரண்டு மாதம் சட்டைப் பையில் வைத்திருந்தாரா? தபால்தலையும் இல்லை. யாரோ கிழித்துவிட்டார்கள் என்று சொல்லித்தான் கடைக்காரர் விலையைக் குறைத்தார். எழுத்தோ பாதி சாம்பல் நிறம், பாதி ஊதா. இருவர் எழுதியதா? மங்கிய இடங்களைத் தெளிவாக்க வழி உண்டா?

இரண்டாவது அட்டை 1908-ஐச் சேர்ந்தது. படத்தின் மேலேயே பச்சைத் தபால்தலை ஒட்டியிருக்கிறது. செய்தி: "போன் சாந்தே ஏ போன் பெசே". நலமும் முத்தங்களும், அவ்வளவுதான். இவ்வளவு வறட்சியாக யார் எழுதுவார்கள்?

சுங்கடி எழுதியது:

மங்கிய எழுத்துக்கு ஈரப் பஞ்சால் மெதுவாக ஒற்றி எடுங்கள். அழுக்கு போனால் எழுத்து தெரியும்.

அரியநாச்சி எழுதியது:

ஐயா, தயவுசெய்து அதை மட்டும் செய்துவிடாதீர்கள்! அது காப்பியிங் பென்சில். நம் ஊர் ரசீதுப் புத்தகங்களில் பார்த்த அதே சாதி. கிராஃபைட்டோடு சாயம் கலந்திருக்கும். உலர்ந்த நிலையில் சாம்பல் நிறம், ஈரம் பட்டால் ஊதா. பதுங்குகுழியில் மைப்புட்டியோடு யார் அலைவது? முனையை நாக்கில் நனைத்து எழுதுவார்கள். நனைத்ததும் எழுதிய சொற்கள் ஊதா, முனை உலர்ந்த பின் எழுதியவை சாம்பல். எழுதியவர் ஒருவர்தான். பஞ்சால் ஒற்றினால் அட்டை முழுவதும் ஊதாக் குளமாகும்.

அறையை இருட்டாக்கி, ஒரு கைவிளக்கை அட்டைக்குப் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடித்துப் படம் எடுங்கள். பென்சில் அழுத்திய பள்ளங்கள் நிழலாகத் தெரியும். பாலிப்ரொப்பிலீன் உறையில் வையுங்கள். பிவிசி உறை வேண்டாம்.

முத்திரைமணி எழுதியது:

தேதிக் குழப்பத்துக்கு நான். அது ஜூலை அல்ல, செப்டம்பர். அந்தக் கிறுக்கல் மாதப் பெயரின் வால். 7, 8, 9 ஆகியவற்றுக்கு அந்த வால் சேர்த்தால் முறையே செப்டம்பர், அக்டோபர், நவம்பர். டிசம்பருக்குப் பெரும்பாலும் ரோமன் பத்து. ஆண்டு மார்ச்சில் தொடங்கிய ரோமானியக் காலக் கணக்கின் மிச்சம்; அதில் செப்டம்பர்தான் ஏழாவது மாதம். ஆக 12-இல் எழுதினார், 13-இல் முத்திரை விழுந்தது.

தபால்தலையை யாரும் கிழிக்கவில்லை. 1914 ஆகஸ்டிலிருந்து படைவீரர்களின் கடிதங்களுக்குக் கட்டணம் கிடையாது. மூலையில் "எஃப்.எம்." (படைவீரருக்கான கட்டண விலக்கு என்பதன் பிரெஞ்சுச் சுருக்கம்) என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். முத்திரையில் ஊர்ப்பெயருக்குப் பதில் "த்ரெசோர் ஏ போஸ்த்" (கருவூலமும் அஞ்சலும், அதாவது படை அஞ்சலகம்) என்ற சொற்கள் இருக்க வேண்டும். எந்தப் படை எங்கே இருக்கிறது என்பது எதிரிக்குத் தெரியக் கூடாது என்று ஊரை மறைத்து, எண்ணிட்ட அஞ்சல் வட்டங்கள் வைத்திருந்தார்கள். கடைக்காரர் அறியாமையால் உங்களுக்கு லாபம்.

"எல்.எல்." என்பது பாரிஸின் லெவி பதிப்பகம். அவர்களும் "என்.டி." என்று போடும் நெர்தென் சகோதரர்களும் பிரான்ஸ் முழுவதையும் படம் பிடித்து வைத்தவர்கள். ஒரே படத்தைப் பல ஆண்டுகள் அச்சிட்டதால் படத்தை வைத்து எழுதிய தேதியை ஊகிக்காதீர்கள். அவர் ஷாலோனில் இருந்தார் என்பதற்கும் படம் சாட்சி அல்ல. ஆனால் இந்தத் தேதியைக் கவனியுங்கள்: 1915 செப்டம்பர் 25 அன்று ஷாம்பான் பகுதியில் பிரெஞ்சுப் படையின் பெருந்தாக்குதல் தொடங்கியது. அந்த முனைக்குப் பின்னால் இருந்த நகரம் ஷாலோன். "இடம் மாறுகிறோம்" என்பதை இப்போது மறுபடி படியுங்கள்.

கடைசிப்பக்கம் எழுதியது:

அனுப்பியவரைத் தேட, பெறுநரிலிருந்து தொடங்குங்கள். குடும்பப்பெயரோடு இருப்பவர் அவர்தான். பிரெஞ்சு மாவட்ட ஆவணக் காப்பகங்களில் பெரும்பாலானவை 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கின்றன. வீடு வீடாக, வயதோடு எழுதியிருப்பார்கள். ஆயிரம் முத்தம் என்றதும் காதல் என்று முடிவுகட்ட வேண்டாம். தாய்க்கும் தங்கைக்கும் அப்படித்தான் எழுதினார்கள்.

ஆள் கிடைத்தால் பிறந்த ஆண்டோடு 20-ஐக் கூட்டுங்கள்; அதுதான் அவருடைய படைவகுப்பு, அதாவது ஆட்சேர்ப்பு ஆண்டு. அந்த ஆண்டின் ஆட்சேர்ப்புப் பதிவேட்டில் தொழில், உயரம், காயங்கள்வரை இருக்கும். ரெஜிமென்டின் அன்றாடக் குறிப்பேடு "மெமுவார் தெ ஸோம்" என்ற பிரெஞ்சுப் பாதுகாப்பு அமைச்சகத்தின் இணையதளத்தில் கிடைக்கும். போரில் இறந்தோர் பட்டியலும் அங்கேயே உண்டு. ஆனால் ஒரே பெயரில் பலர் இருப்பார்கள். பிறந்த ஊரும் தேதியும் பொருந்தாமல் நம்பாதீர்கள்.

தாள்பித்தன் எழுதியது:

கிடைத்துவிட்டார்! 1911 கணக்கெடுப்பில் அந்தப் பெண்ணுக்கு வயது 14. அதே வீட்டில் 17 வயது அண்ணன், அட்டையில் இருக்கும் அதே முதற்பெயர். காதல் கதை கரைந்துபோனதில் சிறு ஏமாற்றம்தான். 1914 வகுப்புப் பதிவேட்டில் அவர் தச்சர்; ரெஜிமென்டும் பொருந்துகிறது. 1915 செப்டம்பர் 27 அன்று இடக்கையில் குண்டுச் சிதறல். 1919-இல் வீடு திரும்பியிருக்கிறார். இறந்தோர் பட்டியலில் இல்லை. குறிப்பேட்டில் செப்டம்பர் 12-க்கு மறுநாளே ரெஜிமென்ட் நடைபயணம் கிளம்புகிறது.

பக்கவாட்டு வெளிச்சத்தில் இன்னொரு வரியும் தெரிந்தது: கம்பளிக் காலுறை வந்து சேர்ந்ததாம். அரியநாச்சி அம்மா, நன்றி.

இரண்டாவது அட்டையை எல்லாரும் மறந்துவிட்டீர்கள்.

முத்திரைமணி எழுதியது:

மறக்கவில்லை. பச்சைத் தபால்தலையில் விதை தூவும் பெண் இருக்கிறாளா, மதிப்பு 5 சென்டிம்தானா? அப்படியென்றால் சொற்களை எண்ணிப் பாருங்கள். அட்டைக்கு வழக்கமான கட்டணம் 10 சென்டிம். ஐந்து சொற்களுக்கு மிகாத வாழ்த்து என்றால் 5. அதனால்தான் ஐந்தே சொல் எழுதிய அட்டைகள் அந்தக் காலத்தில் மலிந்து கிடக்கின்றன. படத்தின் மேல் தபால்தலை ஒட்டுவது அட்டை சேகரிப்போர் தமக்குள் பரிமாறிக்கொண்ட காலத்து மோகம். பெறுநருக்கு வந்த வேறு அட்டைகளும் அதே கடையில் இருக்க வாய்ப்புண்டு. தொகுப்பாக வருபவற்றைத்தான் வியாபாரிகள் பிரித்து விற்கிறார்கள். அடுத்த முறை போகும்போது பெட்டியில் அந்த முகவரியைத் தேடுங்கள்.

வறட்சி என்றீர்களே, கஞ்சத்தனம் என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அஞ்சல் துறை அனுமதித்த கஞ்சத்தனம்.