முழுமையாக்கலில் முதலில் வர வேண்டியது விதியா, எண் கோடா?

மண்டபம் ஆசிரியை:
நான்காம் வகுப்பில் முழு எண்களை அருகிலுள்ள பத்துக்கும் நூறுக்கும் முழுமையாக்கக் கற்பிக்கும்போது, விதியைத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து. முழுமையாக்கும் இடத்துக்கு அடுத்த வலப்பக்கத்து இலக்கம் 5 அல்லது அதற்கு மேல் என்றால் அந்த இடத்து இலக்கத்தோடு ஒன்றைக் கூட்ட வேண்டும், இல்லையென்றால் அதை அப்படியே விட வேண்டும், வலப்பக்கத்து இலக்கங்களைப் பூஜ்ஜியமாக்க வேண்டும் என்று சொல்லிவிட்டால், ஒரே பாடவேளையில் வகுப்பு முழுவதும் விடை எழுதிவிடுகிறது.

பாம்பன் பெற்றோர்:
விடை எழுதுகிறார்கள் என்பதில் ஐயமில்லை, டீச்சர். 347ஐ அருகிலுள்ள நூறுக்கு முழுமையாக்கச் சொன்னபோது, என் மகள் 7ஐப் பார்த்து 350 ஆக்கி, பிறகு 5ஐப் பார்த்து 400 என்று எழுதினாள். விதியை இரண்டு முறையும் பிசகாமல் பின்பற்றியிருந்தாள். கடற்கரை மணலில் கோடு கிழித்து, முனைகளில் 300, 400 என்றும் நடுவில் 350 என்றும் சிப்பி வைத்து, 347 எங்கே நிற்கும் என்று கேட்டேன். நடுச்சிப்பிக்குச் சற்று முன்னால் விரலை வைத்தவள், 300தான் பக்கம் என்று தானே சொன்னாள்.

மண்டபம் ஆசிரியை:
மூல எண்ணில் உரிய இலக்கத்தை ஒரே முறைதான் பார்க்க வேண்டும் என்று அழுத்திச் சொல்லாதது கற்பித்தலின் குறை, விதியின் குறையன்று. 1914இல் திறக்கப்பட்ட நம் பழைய பாம்பன் ரயில் பாலத்தின் நீளம் 2,065 மீட்டர். அது 2,060க்கும் 2,070க்கும் சம தூரத்தில் நிற்கிறது. உங்கள் மணல்கோடு அங்கே என்ன பதில் சொல்லும்? 2,070 என்பது நாம் செய்துகொண்ட உடன்பாடு. அதை விதியாகத்தான் சொல்ல முடியும்.

பாம்பன் பெற்றோர்:
ஒப்புக்கொள்கிறேன். ஆனால், சரிநடுவில் நிற்பதைக் கண்ணால் கண்ட பிள்ளைக்குத்தான் உடன்பாடு ஏன் தேவைப்பட்டது என்பது விளங்கும். அதே பாலம் நூறுக்கு 2,100 என்றும் ஆயிரத்துக்கு 2,000 என்றும் ஆவதைக் கேட்டு என் மகள் திகைத்தபோதும், கோடுதான் கைகொடுத்தது.

தங்கச்சிமடம் மீன் வியாபாரி:
ஒரு நடைக்குப் பத்துப் பெட்டி ஏற்றும் வண்டிக்கு 43 பெட்டி மீன் இருக்கிறது. அருகிலுள்ள பத்து 40 என்று நான்கு நடை பேசினால், மூன்று பெட்டி கரையிலேயே கெட்டுப்போகும். எதற்காக முழுமையாக்குகிறோம் என்பதை எப்போது சொல்லித்தருவீர்கள்?

மண்டபம் ஆசிரியை:
அது மீதி பார்க்கும் வகுத்தல் கணக்கு, ஐயா. ஆனாலும் இரண்டையும் பிள்ளைகள் குழப்பிக்கொள்வது உண்மை என்பதால், உங்கள் பெட்டிகளை வகுப்பில் கேட்பேன். திங்கட்கிழமை எண் கோட்டையும் முதலில் வரைகிறேன். பாடவேளை முடியுமுன் விதியைக் குறிப்பேட்டில் எழுதவைப்பதில் மட்டும் மாற்றமில்லை.