தரங்கம்பாடிக்கு ரயில் டிக்கெட் போட முடியவில்லை, ஸ்டேஷன் பெயரே வரவில்லை. அவசர உதவி!

நித்யா_பி
அடுத்த வாரக் கடைசியில் குடும்பத்தோடு தரங்கம்பாடி போகலாம் என்று இருக்கிறோம். டிக்கெட் ஆப்பில் ஊர்ப் பெயரை எப்படி அடித்தாலும் ஸ்டேஷன் வரவில்லை. டிராங்க்பார் என்ற பழைய பெயரிலும் தேடிவிட்டேன். அப்பா சின்ன வயதில் அங்கே ரயிலில்தான் போனாராம், அதனால் ஸ்டேஷன் இருப்பது நிச்சயம். அங்கிருக்கும் டேனிஷ் கோட்டைப் பக்கம் தங்க நல்ல இடமும் சொல்லுங்கள். இன்று இரவுக்குள் புக் செய்தாக வேண்டும்.

காவிரிக்கரை
எந்த ஊரிலிருந்து கிளம்புகிறீர்கள்? எத்தனை பேர்? பெரியவர்களும் வருகிறார்களா?

பைக்_பாண்டி
ரயிலை விடுங்க, கார் எடுங்க. சென்னையில் விடியற்காலை கிளம்பினால் புதுச்சேரி, கடலூர், சிதம்பரம், சீர்காழி என்று ஒரே ரோடு. மதியச் சாப்பாடு தரங்கம்பாடியில். நடுவில் பிச்சாவரமும் பார்த்துவிடலாம்.

தண்டவாள_ரசிகன்
அப்பா சொல்வது சரி. மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கு மீட்டர் கேஜ் பாதை ஒன்று இருந்தது. 1926இல் திறந்தார்கள், 1980களில் மூடிவிட்டார்கள். திரும்பக் கொண்டுவரச் சொல்லி அந்தப் பக்கத்து மக்கள் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள். ஆக, ஆப்பில் கோளாறு இல்லை, மயிலாடுதுறைக்குப் போடுங்கள். அங்கிருந்து செம்பனார்கோவில், ஆக்கூர், திருக்கடையூர் வழியாகப் பொறையார் பஸ் போகும். மொத்தமே 30 கி.மீ. சொச்சம். பொறையாரில் இறங்கி ஆட்டோ பிடித்தால் கோட்டை.

மூத்த_யாத்ரி
தேடிப் பார்க்கும் பழக்கம் இங்கே யாருக்கும் இல்லை என்பது மறுபடி நிரூபணமாகிறது. கிளம்பும் ஊர், ஆட்கள், தேதி, பட்ஜெட் எதுவும் இல்லாமல் கேள்வி போட்டால் சோழி உருட்டித்தான் பதில் சொல்ல வேண்டும். சென்னை என்றே வைத்துக்கொள்கிறேன். காரைக்கால் போகும் இரவு வண்டியைப் பிடித்துக் கடைசி ஸ்டேஷனில் இறங்குங்கள். அங்கிருந்து சுமார் 15 கி.மீ.தான். இதற்கு ஒரு இழை தேவையா?

தண்டவாள_ரசிகன்
@மூத்த_யாத்ரி அந்த வண்டியே மயிலாடுதுறையைத் தாண்டித்தானே காரைக்கால் போகிறது. அங்கேயே இறங்காமல் எதற்கு மேலே போவது?

மூத்த_யாத்ரி
தூரம் குறைவு என்பதற்காக. கணக்கு எல்லோருக்கும் ஒன்றுதான்.

காவிரிக்கரை
தங்கும் விஷயம் சொல்கிறேன். கோட்டையை ஒட்டி அறைகள் கொஞ்சம்தான். பழைய பங்களாக்களை ஓட்டலாக மாற்றியிருக்கிறார்கள். கடலைப் பார்த்த வராந்தா, உயரமான கூரை எல்லாம் உண்டு, வாடகையும் அதற்கேற்ற மாதிரி. அது ஒத்துவராதவர்கள் திருக்கடையூரில் தங்குவார்கள், பத்து கி.மீ.க்குள்தான். ஆனால் அது அறுபதாம் கல்யாண ஊர். முகூர்த்த நாளாக இருந்தால் லாட்ஜில் அறை கிடைப்பது கஷ்டம். கிடைத்தாலும் தூக்கம் கிடையாது. விடிவதற்கு வெகுநேரம் முன்பே பக்கத்து அறையில் பேரன் பேத்திகளை எழுப்பிக் குளிக்க வைப்பார்கள், தாழ்வாரம் முழுக்கப் பூக்கூடையும் தாம்பாளமும் கிடக்கும், நாதஸ்வரக்காரர் சீவாளியை ஊதிச் சரிபார்த்துக்கொண்டிருப்பார். காலண்டரைப் பார்த்துவிட்டு அறை போடுங்கள்.

தகவல்_தங்கம்
ஜெர்மனியிலிருந்து வந்த பாதிரியார் சீகன்பால்க் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்தை விட்டுவிடாதீர்கள். அவர் கல்லறையும் அதற்குள்தான் இருக்கிறது. இந்தியாவிலேயே முதல் அச்சகம், தமிழின் முதல் அச்சுப் புத்தகம் இரண்டுமே தரங்கம்பாடிதான்!

ஏடும்_அச்சும்
இரண்டுமே இல்லை. கோவாவுக்கு அச்சு இயந்திரம் வந்தது 1556இல். தம்பிரான் வணக்கம் என்ற கிறிஸ்தவப் புத்தகம் தமிழ் எழுத்தில் கொல்லத்தில் அச்சானது 1578இல். சீகன்பால்க் தரங்கம்பாடியில் கால் வைத்ததே 1706 ஜூலையில்தான். அவருடைய பெருமை வேறு. புதிய ஏற்பாட்டைத் தமிழில் மொழிபெயர்த்து 1715க்குள் முழுதாக அச்சிட்டுவிட்டார். 1719இல் அவர் இறந்தபோது நாற்பது வயது கூட ஆகவில்லை.

தகவல்_தங்கம்
நான் பள்ளியில் படித்ததே முதல் அச்சகம் என்றுதான்.

மூத்த_யாத்ரி
தமிழ் அச்சு என்றால் 1554, லிஸ்பன். இதுவும் தெரியாமல் சரித்திரம் பேச வந்துவிடுகிறார்கள்.

ஏடும்_அச்சும்
லிஸ்பன் புத்தகத்தில் தமிழ் வார்த்தைகளை ரோமன் எழுத்தில் அச்சிட்டார்கள். தமிழ் எழுத்தில் என்று நான் சொன்னதைப் படிக்கவில்லையா?

பைக்_பாண்டி
ஐயா, அந்த அம்மா டிக்கெட் கேட்டாங்க.

நித்யா_பி
கோயம்புத்தூரிலிருந்து கிளம்புகிறோம். சொல்லவில்லையா? நான், பையன், அப்பா, அம்மா. சனி, ஞாயிறு. அப்பாவுக்கு முழங்கால் வலி. பூம்புகாரும் சேர்க்கலாமா?

தண்டவாள_ரசிகன்
அட, கதையே மாறிவிட்டது. கோவையிலிருந்து மயிலாடுதுறைக்கு நேராகவே ஜன சதாப்தி இருக்கிறது, செவ்வாய் தவிர தினமும். காலையில் ஏறினால் மதியம் மயிலாடுதுறை. அதே வண்டிதான் சாயங்காலத்துக்கு முன்பே திரும்பக் கிளம்பி இரவு கோவை சேரும். முழுக்க உட்காரும் சீட்டுதான், அதனால் அப்பாவுக்கு நடைவழி ஓரமாகக் கேளுங்கள், காலை நீட்டிக்கொள்ளலாம். மயிலாடுதுறையிலிருந்து பஸ் வேண்டாம், வாடகைக் கார் எடுங்கள்.

காவிரிக்கரை
பூம்புகார் வேண்டாம். ஞாயிறு திரும்ப வேண்டும் என்றால் கையில் இருப்பது ஒரு சாயங்காலமும் ஒரு காலையும்தான். சனிக்கிழமை இறங்கியதும் சாப்பிட்டுவிட்டு நேராகக் கோட்டை. நடு வெயிலில் அந்த முற்றத்தில் ஒதுங்க நிழல் கிடையாது, மூன்றரை மணிக்கு மேல் நன்றாக இருக்கும். மேல்தளத்துக்குப் படி ஏற வேண்டும், அப்பா கீழேயே இருந்துவிடலாம். பக்கத்திலேயே கடலோரமாக மாசிலாமணிநாதர் கோயில், பாண்டியர் காலத்தது. முன்பக்கத்தைக் கடல் கொண்டுபோய்விட்டது, மிச்சத்தைக் காப்பாற்றப் பாறைகளைக் கொட்டியிருக்கிறார்கள். ராஜ வீதியில் 1701இல் கட்டிய சீயோன் ஆலயமும் 1718இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயமும் இருக்கின்றன. ஞாயிறு காலை ஆராதனை நடக்கும், சுற்றிப் பார்க்கச் சனிக்கிழமையே போங்கள். ஞாயிறு கிளம்பும் வழியில் நேரம் இருந்தால் தில்லையாடி வள்ளியம்மை மண்டபம்.

பைக்_பாண்டி
கோவையிலிருந்தும் கார்தான் பெஸ்ட். என் கருத்தில் மாற்றமில்லை.

மூத்த_யாத்ரி
முதல் பதிலிலேயே கிளம்பும் ஊரைக் கேட்டேன்.

காவிரிக்கரை
கேட்டது நான். நீங்கள் சென்னை என்று வைத்துக்கொண்டீர்கள்.

தகவல்_தங்கம்
@ஏடும்_அச்சும் சரி, முதல் அச்சகம் கோவா என்றே இருக்கட்டும். டேனிஷ்காரர்கள் 1620இல் கோட்டை கட்டினார்கள் என்பதையாவது ஒத்துக்கொள்வீர்களா?

ஏடும்_அச்சும்
ஒத்துக்கொள்கிறேன். தஞ்சை ரகுநாத நாயக்கர் அனுமதி கொடுத்தது அந்த வருடம்தான். 1845இல் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டார்கள்.

நித்யா_பி
போக டிக்கெட் கிடைத்துவிட்டது. திரும்ப வர வெயிட்டிங் லிஸ்ட். அறை திருக்கடையூரில். எல்லோருக்கும் நன்றி.

காவிரிக்கரை
முகூர்த்த நாளா என்று பார்த்தீர்களா?

தண்டவாள_ரசிகன்
சார்ட் போட்ட பிறகும் வெயிட்டிங்கிலேயே இருந்தால் ஆன்லைன் டிக்கெட் தானாக ரத்தாகிப் பணம் திரும்பிவிடும், அதை வைத்துக்கொண்டு ஏற முடியாது. அப்படி ஆனால் மயிலாடுதுறையிலிருந்து கும்பகோணம், தஞ்சாவூர் வழியாகத் திருச்சிக்கு வந்துவிடுங்கள். திருச்சியிலிருந்து கோவைக்கு ராத்திரி முழுக்க பஸ் உண்டு. அப்பாவை நினைத்தால் திருச்சி வரையாவது கார்.