முன்னிலை பெற்றும் தொடரை முடிக்க முடியாதது ஏன்?

கேள்வி (காரைக்குடி):
டொராண்டோவில் பணியாற்றும் அண்ணன் பழக்கிவிட்டதால், மேப்பிள் லீஃப்ஸ் அணியின் பிளேஆஃப் (வெளியேற்றச் சுற்று) ஐஸ் ஹாக்கி ஆட்டங்களை விடியற்காலையில் எழுந்து, அப்பத்தாவின் உறக்கம் கலையாதபடி முகப்பில் அமர்ந்து பார்க்கிறேன். ஏழு ஆட்டத் தொடரில் முதலில் நான்கை வெல்லும் அணியே முன்னேறும். 2021இல் மாண்ட்ரியாலை 3-1 என முந்திய பின்பும், அடுத்த மூன்று ஆட்டங்களிலும் தோற்று வெளியேறினோம். அதுமுதல் முன்னிலை பெற்றாலே அச்சம் பிடிக்கிறது. நான்காவது வெற்றி மட்டும் ஏன் இவ்வளவு கடினம்?

பதில் (தேவகோட்டை):
தம்பி, தோற்றால் வெளியேற வேண்டிய அணி, கடைசி நிமிடங்களில் கோல்காப்பாளரையே வெளியே அழைத்துக்கொண்டு கூடுதல் ஆட்டக்காரரை இறக்கத் துணிகிறது. முந்தி நிற்கும் அணியோ தற்காப்புக்குள் ஒடுங்கிவிடுகிறது. 2013இல் பாஸ்டனுக்கு எதிரான ஏழாவது ஆட்டத்தின் மூன்றாம் பகுதியில் 4-1 என முன்னிலையில் இருந்தும், கூடுதல் நேரத்தில் 5-4 என இழந்தோம். அந்தக் காலையை என்னால் இன்றும் மறக்க இயலவில்லை.

பதில் (கானாடுகாத்தான்):
2024 இறுதித் தொடரில் ஃபுளோரிடா 3-0 என முந்தி, எட்மண்டனிடம் மூன்று ஆட்டங்களை இழந்த பின்பும், ஏழாவதை 2-1 என வென்றது. 2025இல் நம் அணியும் ஒட்டாவாவிடம் இரண்டு ஆட்டங்களைத் தவறவிட்டு, ஆறாவதில் தொடரை முடித்ததே.

கேள்வி கேட்டவர்:
உண்மைதான், ஆச்சி. அந்த ஆறாவது ஆட்டத்தை இன்றிரவு மீண்டும் பார்க்கிறேன்.