புதுப்பிப்பு: சயாட்டிகா வலி, ஆறு வாரம் கழித்து

இடது இடுப்பிலிருந்து கணுக்கால் வரை கரண்ட் அடிப்பது போல இழுக்கிறது (காலுக்குப் போகும் நரம்பு அழுந்துவதால் வரும் இந்த வலிதான் சயாட்டிகா), முதுகெலும்பின் அடிப்பகுதியில் உள்ள எல்5-எஸ்1 வட்டு (டிஸ்க்) பிதுங்கியிருக்கிறது என்று முன்பு எழுதியிருந்தேனே, அதன் தொடர்ச்சி.

பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்த பயிற்சி இது: குப்புறப் படுத்து, கை ஊன்றி, இடுப்பைத் தூக்காமல் மேலுடம்பை மட்டும் தூக்கணும்; பத்து முறை, நாளைக்கு ஐந்து தடவை. முதல் வாரம் கால்வலி குறைந்து முதுகுவலி கூடியது. பயந்துபோய்க் கேட்டேன். "வலி கால்லேர்ந்து முதுகுப் பக்கம் மேல ஏறினா நல்லது சார், பாதத்துக்கு இறங்கினாத்தான் நிறுத்தணும்" என்றார் பிசியோ. அப்படியே ஆனது. நரம்பை இழுத்துவிடும் பயிற்சியை மட்டும் ஆர்வக்கோளாறில் அதிகம் செய்து இரண்டு நாள் அவஸ்தைப்பட்டேன்.

இப்போது அரை மணி நேரம் பைக் ஓட்ட முடிகிறது. கால் சுண்டுவிரல் மரமரப்பு இன்னும் போகவில்லை.

ஆபரேஷன் பற்றிக் கேட்டவர்களுக்கு: எனக்கு இதுவரை தேவைப்படவில்லை. ஆனால் சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ பயிற்சியெல்லாம் வேண்டாம், நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.