உதவி: விளக்கைச் சுற்றும் அந்துப்பூச்சி, உடம்பெல்லாம் அரிப்பு (பிரெஞ்சு கயானா)

கடலோரவாசி:
வணக்கம். பிரெஞ்சு கயானாவில் சின்னமாரி என்ற ஊருக்குப் புதிதாகக் குடிவந்திருக்கிறோம். பொழுது சாய்ந்தால் வாசல் விளக்கை அந்துப்பூச்சிகள் மொய்க்கின்றன. சாம்பலும் பழுப்பும் கலந்த மங்கல் நிறம், உடம்பு முழுக்க முடி. எதுவும் கடித்த மாதிரி இல்லை. ஆனால் எனக்கும் குழந்தைக்கும் கழுத்திலும் முழங்கை மடிப்பிலும் சிவந்து தடித்து, ராத்திரியெல்லாம் அரிக்கிறது. மெத்தையை உதறிப் பார்த்தோம், மூட்டைப்பூச்சி இல்லை. இந்தப் பூச்சியால் வருமா?

சதுப்புநிலம்:
வரும் அக்கா. நீங்கள் சொல்லும் அடையாளம் ஹைலேசியா மெட்டாபஸ் என்ற அந்துப்பூச்சி இனத்துக்குப் பொருந்துகிறது. அந்தக் கடற்கரையில் பெயர்போன தொல்லை இது. வெனிசுவேலாவின் சுக்ரே மாநிலப் பக்கமும் உண்டு. புழுக்கள் அலையாத்திக் காட்டில் வளரும், பூச்சியானதும் வெளிச்சம் தேடி ஊருக்குள் வந்துவிடும்.

பெண் பூச்சியின் வயிற்று நுனியை உற்றுப் பாருங்கள், தொடாமல். அடர்ந்த முடிக்கற்றை தெரியும். முட்டையிட்டதும் அதை வைத்துத்தான் முட்டைகளை மூடும். அந்த முடிகளில் சில அம்பு போலக் கூரானவை, 0.2 மில்லிமீட்டர் நீளம்கூட இருக்காது. பூச்சி விளக்கில் முட்டி மோதும்போது அவை உதிர்ந்து காற்றில் பரவித் தோலில் குத்திக்கொள்ளும். ஆண் பூச்சிக்கு இந்த முடி கிடையாது.

முதல் வேலையாக, இருட்டியதும் வெளிவிளக்கை அணைத்துவிடுங்கள். பூச்சி பெருகும் காலத்தில் அங்கே தெருவிளக்கைக்கூட அணைத்து வைப்பார்கள். சாயங்காலம் துணியைக் கொடியில் விடாதீர்கள். அரிக்கும் இடத்தைச் சொறியாமல் செல்லோ டேப்பை ஒட்டி உரித்தெடுங்கள், அப்புறம் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். படுக்கை விரிப்பையும் துவைத்துவிடுங்கள். குழந்தைக்குக் கண் சிவந்தாலோ மூச்சு இழுத்தாலோ தாமதிக்காமல் டாக்டரிடம் போங்கள்.

கடலோரவாசி:
ரொம்ப நன்றி தம்பி. கண்ணுக்கு ஒன்றும் இல்லை. திண்ணையில் நிறைய செத்துக் கிடக்கின்றன. பெருக்கித் தள்ளிவிடலாமா?

சதுப்புநிலம்:
துடைப்பம் மட்டும் வேண்டாம் அக்கா. செத்த பூச்சியின் முடியும் அதே அளவு அரிக்கும், பெருக்கினால் பறந்து வீட்டுக்குள் வரும். மின்விசிறியை நிறுத்திவிட்டு, தண்ணீர் தெளித்து, கையுறை போட்டு ஈரத்துணியால் வழித்தெடுங்கள். துணியையும் சேர்த்து ஒரு பையில் கட்டிக் குப்பையில் போட்டுவிடுங்கள். குழந்தை அப்போது உள்ளே இருக்கட்டும்.